கொடி எமோஜி: படமாகத் தெரியும் இரண்டு எழுத்துகள்

கோத்தகிரிக்கு அருகிலுள்ள எங்கள் ஊரின் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமாகப் பச்சைத் தேயிலை விலை, மின்தடை, சிறுத்தை நடமாட்டம் ஆகிய மூன்றைத் தவிர வேறெதுவும் பேசப்படுவதில்லை. ஆகஸ்ட் 15 மட்டும் அதற்கு விலக்கு. அன்று காலை ஏழு மணிக்குள்ளாகவே திரை முழுவதும் மூவர்ணமாகிவிடும். சென்ற ஆண்டு அப்படி வந்த வாழ்த்துகளுள், ஊர்ப் பெரியவர் ஒருவர் அனுப்பியதன் கடைசியில் மூன்று கொடிகள் வரிசையாக இருந்தன. மேலே காவி, நடுவே வெள்ளை, கீழே பச்சை என எல்லாம் சரியாகவே இருந்தன. விரலால் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், வெள்ளைப் பட்டையின் நடுவில் இருந்தது நீலச் சக்கரம் அன்று, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு என்பது தெரிந்தது. அது மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள நைஜர் நாட்டின் கொடி.

பெரியவரின் கண்பார்வையைக் குறை சொல்லிப் பயனில்லை. அரிசி மணி அளவில் வரையப்பட்ட கொடியில் அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களையும் காட்ட எந்தக் கைப்பேசியாலும் முடியாது. ஆனால் இந்தப் பிழை எப்படி நேர்கிறது என்று அவருக்கு விளக்க உட்கார்ந்தபோது, கொடி எமோஜி என்பது என்ன, அதை வரைவது யார், அது எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்காது என்பதையெல்லாம் அடியிலிருந்தே சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். நீங்கள் கொடி எமோஜியை அனுப்பும்போது உங்கள் கைப்பேசியிலிருந்து எந்தப் படமும் புறப்பட்டுப் போவதில்லை. போவது இரண்டு எழுத்துகள் மட்டுமே. இந்தியாவின் கொடி என்றால் ஆங்கில ‘ஐ’, ‘என்’ ஆகிய இரண்டும், இலங்கையின் கொடி என்றால் ‘எல்’, ‘கே’ ஆகிய இரண்டும் செல்கின்றன. இவை நாம் தட்டச்சு செய்யும் சாதாரண ஆங்கில எழுத்துகள் அல்ல. உலகின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு என்னும் ஒருங்குறித் தொகுப்பில், கொடிகளுக்கென்றே ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை 26 தனிக் குறியெழுத்துகள் ஒதுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் இரண்டு அடுத்தடுத்து வந்தால், பெறுகின்ற கைப்பேசி அந்த இணைக்குரிய நாடு எது என்று பார்த்து, தன்னிடமுள்ள கொடிப் படத்தை எடுத்து அங்கே வைத்துவிடுகிறது.

தமிழ் எழுதத் தெரிந்தவருக்கு இது புதிய செய்தியே அன்று. ‘கி’ என்று நாம் காண்பது ஒரே எழுத்தாகத் தெரிந்தாலும், கணினிக்குள் அது ககரமும் இகரக் குறியும் என இரண்டு எண்களாகவே இருக்கிறது; இரண்டையும் சேர்த்து ஒரே உருவமாகக் காட்டுவது எழுத்துருவின் வேலை. தமிழ் எழுத்துரு சரியாக இல்லாத பழைய கைப்பேசிகளில் கொம்பும் காலும் புள்ளிவட்டமும் தனித்தனியாகச் சிதறிக் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். கொடி எமோஜியும் ஒரு வகை உயிர்மெய்தான். சேர்க்கத் தெரிந்த கருவியில் கொடியாக நிற்கும். தெரியாத கருவியில் இரண்டு எழுத்தாகப் பிரிந்துவிடும்.

இந்தச் சேர்க்கை முன்னிருந்து இரண்டிரண்டாக நடைபெறுகிறது. இந்தியக் கொடியையும் இலங்கைக் கொடியையும் இடைவெளியின்றி அடுத்தடுத்து இட்டால், உள்ளே இருப்பது ஐ, என், எல், கே என்னும் நான்கு குறியெழுத்துகள். ஏதோ ஒரு மென்பொருள் கோளாறினால் முதலிலுள்ள ‘ஐ’ மட்டும் விழுங்கப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது என், எல், கே. இப்போது ‘என்’னும் ‘எல்’லும் கை கோத்துக்கொள்ளும், அது நெதர்லாந்து நாட்டின் குறி. இந்தியாவும் இலங்கையும் இருந்த இடத்தில் நெதர்லாந்தின் கொடியும் ஓரமாக ஒரு ஒற்றைக் ‘கே’யும் நிற்கும். நல்ல கைப்பேசிகளில் அழிப்புப் பொத்தானை ஒரு முறை அழுத்தினால் இரண்டு குறியெழுத்துகளும் சேர்ந்தே போய்விடும்படி செய்திருப்பதால், இந்த வேடிக்கையைப் பெரும்பாலோர் கண்டதில்லை.

இப்படிச் சுற்றி வளைத்துச் செய்ததற்குக் காரணம் உண்டு. எமோஜிகள் ஜப்பானியக் கைப்பேசி நிறுவனங்களிடமிருந்து உலகுக்கு வந்தவை. அங்கே அப்போது இருந்த கொடிகள் பத்தே பத்து: ஜப்பான், தென்கொரியா, சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின், ரஷ்யா. அவற்றை அப்படியே உலகத் தொகுப்பில் சேர்த்தால் மற்ற நாடுகள் சும்மா இருக்குமா? ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக எண் கொடுக்கலாம் என்றால், எது நாடு, எது நாடு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எழுத்துகளுக்கு எண் கொடுப்பவர்களின் தலையில் விழுந்துவிடும். எனவே 2010-இல் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில் நாடுகளின் பெயரையே எடுக்காமல், 26 குறியெழுத்துகளை மட்டும் கொடுத்து ஒதுங்கிக்கொண்டார்கள். எந்த இணை எந்த நாட்டுக்குரியது என்பதை, 1974 முதல் வழக்கிலுள்ள ஐஎஸ்ஓ 3166 என்னும் பன்னாட்டுக் குறியீட்டுப் பட்டியல் பார்த்துக்கொள்கிறது. என் கருத்தில், சிக்கலான ஒரு பஞ்சாயத்திலிருந்து நழுவிக்கொள்ள இதைவிட நாகரிகமான வழி கிடையாது.

குன்னூரில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர் ஒருவர், வந்து தங்கும் வெளிநாட்டு விருந்தினர்களின் பெயருக்கு எதிரே அவரவர் நாட்டுக் கொடியைக் கைப்பேசியில் இட்டு ஒரு பட்டியல் வைத்திருந்தார். அதை அலுவலகத்திலுள்ள விண்டோஸ் கணினியில் திறந்தபோது கொடிகள் எல்லாம் மறைந்து, ‘டி–இ’, ‘சி–எச்’, ‘எஃப்–ஆர்’ என்று வெறும் எழுத்துகளாக நின்றன. வைரஸ் புகுந்துவிட்டது என்று பதறிப்போய் என்னை அழைத்தார். வைரஸ் ஒன்றும் இல்லை. விண்டோஸுடன் வரும் எமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளின் படங்கள் கிடையாது. ஆகவே அது உள்ளே இருப்பதை உள்ளபடியே காட்டியது. அதே கணினியில் ஃபயர்பாக்ஸ் உலாவியில் பார்த்தால் கொடி தெரியும். வாட்ஸ்அப் வெப்பிலும் தெரியும். அவை தங்களுக்கென்று தனிப் படங்களை வைத்திருக்கின்றன. ‘டி–இ’ என்பது ஜெர்மானியர் தங்கள் நாட்டை அழைக்கும் ‘டாய்ச்லாண்ட்’ என்னும் பெயரிலிருந்தும், ‘சி–எச்’ என்பது சுவிட்சர்லாந்தின் பழைய இலத்தீன் பெயரிலிருந்தும் வந்தவை என்று விளக்கிய பிறகுதான் அவர் முகத்தில் தெளிவு வந்தது. இந்தக் கட்டுரையில் நான் ஒரு கொடியைக்கூடப் பதிக்காமல் பெயரால் மட்டும் சொல்லி வருவதற்கும் காரணம் இதுவே; உங்கள் கருவி எதைக் காட்டும் என்பது என் கையில் இல்லை.

படத்தை வரைவது பெறுகின்ற கருவிதான் என்பதால் வேறொரு விளைவும் உண்டு. மொரிட்டானியா நாடு 2017-இல் தன் கொடியின் மேலும் கீழும் சிவப்புப் பட்டைகளைச் சேர்த்துக்கொண்டது. குறியெழுத்துகள் மாறவில்லை, கைப்பேசி நிறுவனங்கள் படத்தை மட்டும் மாற்றின. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டில் ஒருவர் அனுப்பிய பழைய செய்தியை இன்றைய கைப்பேசியில் திறந்தால், அன்று இல்லாத கொடியே அதில் பறக்கும். அதுபோலவே, சீனப் பெருநிலப்பகுதிக்கென்று அமைக்கப்பட்ட ஐபோனில் தைவானின் கொடி காட்டப்படுவதில்லை. நீங்கள் அனுப்புவது ஒன்று, அடுத்தவர் காண்பது வேறொன்று என்பது எமோஜிகள் அனைத்துக்கும் பொதுவான குணமே. சிரிப்பு முகம் சற்று மாறினால் யாருக்கும் வருத்தமில்லை. கொடி மாறினால் அப்படி இருக்க முடியாது.

26 எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 676 இணைகள் கிடைக்கும். அவற்றுள் கொடியாகும் இணைகள் 250-க்குச் சற்று மேல். ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகளோ 193 மட்டுமே. மீதமுள்ளவை பெரும்பாலும் வேறு நாடுகளின் ஆட்சிக்கு உட்பட்ட தீவுகளும் பகுதிகளும் ஆகும். ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா. அவை ஆகிய இரண்டுக்கும் கொடி உண்டு. கொடிக்கான புதிய விண்ணப்பங்களை இனி ஏற்பதில்லை என்று யூனிகோடு கூட்டமைப்பு 2022-இல் அறிவித்துவிட்டது. எமோஜி வகைகளிலேயே எண்ணிக்கையில் மிகுந்ததும் பயன்பாட்டில் குறைந்ததும் கொடிதான் என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. பன்னாட்டுப் பட்டியலில் ஒரு புதிய குறியீடு சேர்ந்தால் மட்டுமே புதிய கொடி வரும். ஆங்கிலக் கால்வாயிலுள்ள சார்க் என்னும் சிறு தீவின் கொடி 2024-இல் அப்படித்தான் வந்தது.

அப்படியானால் தமிழ்நாட்டுக்கு? இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளுக்கும் 2017-இல் கொடி கிடைத்தது. ஒரு கறுப்புக் கொடியை முன்னே நிறுத்தி, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளால் பகுதியின் குறியீட்டை அதன் பின்னே கட்டும் முறை அதற்குப் பயன்பட்டது. அதே முறையில் இந்தியா–தமிழ்நாடு என்று கட்டினால் இலக்கணப்படி அது செல்லுபடியாகும் தொடர்தான். ஆனால் அதைப் பெறுகின்ற கைப்பேசியில் காட்டுவதற்குப் படம் இல்லாததால் வெறும் கறுப்புக் கொடி மட்டும் தெரியும். கறுப்புக் கொடிக்கு நம் அரசியலில் உள்ள பொருள் யாவரும் அறிந்தது. யாரும் அதை முயன்று பார்க்க வேண்டாம்.

இதுவரை சொன்னது கொடி எமோஜியின் உடம்பு. அதன் பொருளுக்கு வருவோம். நீலகிரியில் ஓடும் வண்டிகளின் பலகையில் ‘டிஎன் 43’ என்று இருக்கும். அது அந்த வண்டி எங்கே பதிவு செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். உள்ளே இருப்பவர் படுகரா, மலையாளியா, கன்னடரா, எந்த மொழி பேசுபவர், எங்கே பிறந்தவர் என்பது பலகைக்குத் தெரியாது. கொடி எமோஜியும் அத்தகைய ஒரு பலகையே. அது ஒரு நிலப்பகுதியின் குறியீடு. மொழியின் குறியீடோ மக்களின் குறியீடோ அன்று. இணையத்தில் கொடியால் விளையும் குழப்பங்களுள் பெரும்பாலானவை, பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே இருப்பவரின் தாய்மொழியைச் சொல்ல முயல்வதால் வருகின்றன.

எங்கள் பகுதியில் ஒரு நிறுவனத்தின் பதிவுச் செயலி சில காலம் பயன்பாட்டில் இருந்தது. மொழியைத் தேர்ந்தெடுக்க எழுத்தில் எதுவும் இல்லை. பிரிட்டன் கொடி ஒன்றும் இந்தியக் கொடி ஒன்றும் மட்டும் இருந்தன. தேயிலை பறிக்கும் அக்கா ஒருவர் இந்தியக் கொடியை அழுத்தினார், இந்தி வந்தது. திரும்பப் போய் பிரிட்டன் கொடியை அழுத்தினார், ஆங்கிலம் வந்தது. “நம்ம கொடியைத்தானே தம்பி அமுக்கினேன்?” என்று அவர் என்னிடம் கேட்டதற்கு என்னிடம் விடை இருந்தது, அந்தச் செயலியைச் செய்தவரிடம்தான் இருந்திருக்காது. இந்திய அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகள் உள்ளன. இந்தியக் கொடி அவற்றுள் எதற்குரியது? தமிழுக்கென்று ஒரு கொடியைத் தேடினாலும் இதே கதைதான். தமிழ் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழிகளுள் ஒன்று. மூன்று நாட்டுக் கொடிகளுள் எதை வைத்தாலும் மற்ற இரண்டு நாட்டுத் தமிழர்கள் வெளியே நிற்பார்கள். மலைக்குள்ளேயே பேசப்படும் தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படுகர் ஆகியோரின் மொழிகளுக்கு உலகில் எந்த நாட்டுக் கொடியும் பொருந்தாது. செயலியிலோ இணையத்திலோ மொழித் தேர்வை அமைப்பவர்கள் கொடியை விட்டுவிட்டு, ‘தமிழ்’ என்று தமிழிலேயே எழுதி வைப்பதுதான் முறை. இடமும் அதிகம் பிடிக்காது, மூன்றே எழுத்து.

மக்களைக் குறிப்பதற்கும் கொடி போதாது என்பதைக் கூடலூர்ப் பக்கம் போனால் கண்ணால் காணலாம். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, இலங்கையின் மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோராக வந்தவர்களுள் பலர் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். அத்தகைய குடும்பம் ஒன்றில், கல்லூரிக்குப் போகும் பேத்தி தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பெயருக்குக் கீழே இந்தியக் கொடியையும் இலங்கைக் கொடியையும் சேர்த்து வைத்திருந்தாள். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த தாத்தாவிடம் அதைக் காட்டியபோது அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “நான் பொறந்தப்ப அங்க பறந்தது இதும் இல்ல, அதும் இல்ல கண்ணு. வெள்ளக்காரன் கொடி” என்றார்.

அவர் சொன்னது முழுக்க உண்மை. இலங்கை விடுதலை பெற்றது 1948 பிப்ரவரி 4; அவர் அதற்கு முன்பே பிறந்தவர். அவர் கப்பலேறியபோது விட்டுவந்த நாட்டின் பெயர் சிலோன். 1972-இல்தான் அது ஸ்ரீ லங்கா ஆயிற்று. ‘எல்–கே’ என்னும் குறி புதிய பெயருக்கு உரியது. சிலோனுக்கு எமோஜி இல்லை. வாளேந்திய சிங்கத்துக்கு அருகே பச்சை, காவி என இரண்டு செங்குத்துப் பட்டைகள் அந்தக் கொடியில் உள்ளன. பச்சை முஸ்லிம்களையும் காவி தமிழர்களையும் குறிப்பதாகக் கூறுவர். எமோஜி அளவில் பார்த்தால் அந்தக் காவிப் பட்டை ஒரு நூலிழை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பேத்தி வைத்த இரண்டு கொடிகளும் தவறில்லை. தன் குடும்பம் தொட்டுவந்த இரண்டு நிலங்களை அவள் சொல்கிறாள். அதைப் பார்த்துவிட்டு அவளது குடியுரிமையையோ அரசியலையோ ஊகிப்பவர்தான் தவறு செய்கிறார்.

அன்றாடத்தில் கொடி எமோஜி தன் வேலையை ஒழுங்காகச் செய்யும் இடங்களும் உள்ளன. கைப்பேசி எண்ணைக் கேட்கும் கட்டத்தில் 91-க்கு அருகே நிற்கும் கொடி, கிரிக்கெட் ஆட்டத்தன்று இரண்டு அணிகளுக்கு இடையே இடப்படும் கொடிகள், வெளியூர்ப் பயணத்தின் ஸ்டேட்டஸில் போய்ச் சேர்ந்த நாட்டைச் சொல்லும் கொடி ஆகியவற்றில் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. வெலிங்டன் படைத்துறை அலுவலர் கல்லூரிக்கு ஆண்டுதோறும் நட்பு நாடுகளிலிருந்து அதிகாரிகள் படிக்க வருவதால், அவர்கள் குடும்பத்தினர் வந்துபோகும் குன்னூர்க் கடைக்காரர்களின் கைப்பேசிகளில் பெயருக்குப் பக்கத்தில் கொடி வைத்துச் சேமிக்கும் பழக்கம் உண்டு; ஒரே பெயருடைய இருவரைப் பிரித்தறிய அது நல்ல உபாயம். ஒரு நாட்டில் பேரிடரோ போரோ நேரும்போது அதன் கொடியைத் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொள்பவர்களும் உண்டு. அங்கே கொடி ஆதரவின் அடையாளமாகிறது. ஆதரவைக் காட்டுகிறாரா, அந்நாட்டவரா, வெறும் அணி ரசிகரா என்பதைக் கொடி தானாகச் சொல்லாது. எனவே உடன் ஒரு சொல்லாவது எழுதுவது நன்று.

கொடிகளை வரிசையாக அடுக்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பார்வைக் குறைபாடு உடையவர்களுக்குத் திரையை வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருள், ஒவ்வொரு கொடியையும் நாட்டின் பெயரோடு சேர்த்துச் சொல்லும். நீங்கள் இருபது கொடிகளை ஒட்டி அனுப்பினால், வாழ்த்து என்ன என்று தெரிவதற்குள் இருபது முறை ‘கொடி, இந்தியா’ என்று அவர் கேட்டாக வேண்டும். ஒன்று போதும், அதையும் வாக்கியத்தின் முடிவில் வைத்தால் நலம்.

சட்டத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். தேசிய மரியாதைக்கு அவமதிப்பைத் தடுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம், இந்திய தேசியக் கொடி என்னும் சொல்லுக்குள் அதன் படம், ஓவியம், ஒளிப்படம், கண்ணுக்குப் புலப்படும் பிற உருவங்கள் ஆகியவற்றையும் அடக்குகிறது. துணிக்கொடியை ஏற்றும் முறைகளை 2002-ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு சொல்கிறது. கொடியின் நீள அகலம் மூன்றுக்கு இரண்டு என்று இருக்கவேண்டும் என்பது விதி; எமோஜியை ஒரு நிறுவனம் காற்றில் நெளிவதாகவும் மற்றொன்று தட்டையாகவும் வரைகிறது; அந்த அளவு உங்கள் பொறுப்பில் இல்லை. ஆனால் கொடியோடு சேர்த்து நீங்கள் எழுதும் சொல்லும், அதன் பக்கத்தில் வைக்கும் மற்ற எமோஜியும் உங்கள் பொறுப்பே.

மீண்டும் ஆரஞ்சுப் பொட்டுக்கே வருகிறேன். ஒன்றுபோல் தோன்றும் கொடிகள் நைஜரோடு முடிவதில்லை. இந்தோனேசியாவும் மொனாக்கோவும் மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாகவே இருக்கும். ருமேனியாவையும் சாட் நாட்டையும் நீல நிறத்தின் சாயலைக் கொண்டுதான் பிரிக்க வேண்டும். அயர்லாந்தைத் திருப்பிப் போட்டால் ஐவரி கோஸ்ட். கண்ணால் தேடி எடுப்பதைவிட, எமோஜித் தேடல் கட்டத்தில் நாட்டின் பெயரைத் தட்டச்சு செய்து எடுப்பதே பாதுகாப்பானது; எடுத்தபின் ஐயம் வந்தால், அந்தக் கொடியை விண்டோஸ் கணினியின் நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ‘ஐ–என்’ என்று நின்றால் இந்தியா. ‘என்–இ’ என்று நின்றால் நைஜர். படம் காட்டாத அந்தக் குறைதான் இங்கே நமக்கு உதவுகிறது.

பெரியவருக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது மாலையாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடங்களே அவகாசம் என்பதால், அவரது வாழ்த்து இன்றும் குரூப்பில் அப்படியே இருக்கிறது. நைஜரின் விடுதலை நாள் எது என்று அவர் விசாரித்தார். 1960 ஆகஸ்ட் 3 என்றேன். “பன்னண்டு நாள் லேட்டாச் சொல்லியிருக்கேன், அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு, தேயிலைக்கு இன்று என்ன விலை என்று கேட்டார்.